காலி கிளாஸ் இறக்குமதி

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பஸ் ஏறி நாலைந்து ஸ்டாப் கிழக்கே போனால் வெளிநாடு வந்துவிடும். பாஸ்போர்ட் வேண்டாம், கண்டக்டரிடம் 'பனங்காடு' என்று சொன்னால் போதும். கிண்டல் செய்வதாக யாரும் நினைக்கக் கூடாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பனங்காடு சிறப்புப் பொருளாதார மண்டலமானது, சுங்கவரி சம்பந்தப்பட்ட வரைக்கும், இந்திய நாட்டுக்கு வெளியே உள்ள பிரதேசமாகக் கருதப்படும் என்று அரசிதழில் அச்சடித்துப் போட்டுவிட்டார்கள். அச்சான மறுநாள் காலையில் அங்கிருந்த பனைமரங்கள், கரையான் புற்றுகள், ஒரு பாழுங்கிணறு எல்லாம் வெளிநாட்டில் கண் விழித்தன. மயில்கள் மட்டும் அரசிதழ் படிக்கிற வழக்கம் இல்லாமல், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி கட்டாமல் பறந்துகொண்டிருந்தன.

உள்ளூரிலேயே ஒரு வெளிநாட்டை உண்டாக்கியதற்குக் காரணம் இருந்தது. உள்ளே தொழில் நடத்துகிறவர் மூலப்பொருளை இறக்குமதி வரி இல்லாமல் கொண்டுவரலாம். அதில் சாமான் செய்து மறுபடியும் கடல் கடந்து அனுப்பிவிட வேண்டும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி வரும், தொழிலதிபருக்கு லாபம் வரும், மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கு ஜீப் வரும். வரிசையாக ஷெட்டுகள் கட்டி ரிப்பன் வெட்டினார்கள். ஜீப் உடனே வந்தது. மற்ற இரண்டுக்கும் காத்திருந்து அலுத்துப்போன ஷெட்டுக்காரர்கள், ஒவ்வொருவராகப் பூட்டைப் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள்.

பூட்டாமல் இருந்த ஒரே ஷெட்டு ஈஸ்வரமூர்த்தியுடையது. தண்ணீர் பம்புகளுக்குப் போடும் ரப்பர் வாஷர் செய்கிறவர் அவர். எல்லா விதியையும் படித்து, எல்லா நமூனாவையும் நிரப்பி, கையெழுத்துக் கேட்ட இடத்தில் கையெழுத்தும் முத்திரை கேட்ட இடத்தில் முத்திரையும் போட்டு, ஒரு குறையும் இல்லாமல் நடத்திவந்தார். அந்த மாசம் அவருக்குப் பெரிய மாசம். துபாயில் ஒரு பம்புக் கம்பெனிக்காரர் ஒரு கண்டெய்னர் வாஷர் கேட்டிருந்தார். மாசக் கடைசியில் கொச்சியில் கிளம்புகிற கப்பலில் சரக்கு ஏறிவிட்டால் வருஷம் முழுக்க ஆர்டர். ஏறாவிட்டால் இவரும் பூட்டைப் போட வேண்டியதுதான். பிரஸ் மெஷின்கள் எல்லாம் பேங்கில் அடகு இருந்ததால், பூட்டுக்கு மட்டும்தான் அவர் முழு உரிமையாளர்.

இத்தனை ஒழுங்கான மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். வந்தவர்களுக்கு ஒரு வாய் டீ கூடக் கொடுக்காமல் அனுப்புவது அவருக்கு ஆகாது. கோயமுத்தூர்ப் பக்கத்து ரத்தம் அப்படி. ஜப்தி செய்ய வந்தவரைக்கூட, 'டீ சாப்டுட்டு அப்புறம் எழுதலாமுங்க' என்று உட்கார வைப்பார்.

டீ வருவது கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அழகுத்தாயின் தகரக் கடையிலிருந்து. அழகுத்தாய் மூணாறில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்து, லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கியவள். டீத்தூள் அவளுக்கு மூணாறிலிருந்து சொந்தக்காரர்கள் மூலம் பஸ்ஸில் வரும். காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் ஒரு கையில் கெட்டிலும் இன்னொரு கையில் கம்பிக் கூட்டில் அடுக்கிய கிளாஸ்களுமாக ரோட்டைத் தாண்டி வருவாள். காவலாளி கேட்டுக் கட்டையைத் தூக்குவார். பல வருஷமாக இப்படித்தான் நடந்துவந்தது. அவள் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை தேசத்தின் எல்லையைக் கடக்கிறாள் என்பது அவளுக்கும் தெரியாது, தேசத்துக்கும் தெரியாது.

கேட்டை ஒட்டிய அறையில் இருந்த சுங்க அதிகாரி கபிரியேலுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவரும் மூணாறுக்காரர்தான். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்த பிள்ளை. ராத்திரி பகலாகப் படித்துப் பரீட்சை எழுதி வந்த வேலை என்பதால், சட்டத்தின் ஒவ்வொரு எழுத்தையும் அவர் பைபிள் மாதிரி மதித்தார். 'கருதப்படும்' என்று சட்டத்தில் இருந்தால் அவர் கருதிவிடுவார். அரைகுறையாகக் கருதுவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் டீ விஷயத்தில் மட்டும் அவர் அதுவரை எதையும் கருதாமல், தினமும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் மண்டல மேற்பார்வைக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. தலைவர் ராமசேஷன், கல்பாத்திக்காரர். ரிட்டயர்மெண்டுக்குப் பக்கத்தில் இருந்தார். கூட இரண்டு உறுப்பினர்கள், தலையாட்டுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள். மூவரும் காலையிலிருந்து ஷெட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். வந்த ரப்பரை எடை போட்டார்கள், போன வாஷரை எடை போட்டார்கள், கீழே விழுந்த பிசிறைக் கூட்டி எடை போட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. குழுவின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து ஒரு குறை கூட இல்லாமல் திரும்பினால் மேலே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர்களுக்கு உண்மையாகவே வருத்தம்.

அந்த வாடின முகத்தைப் பார்த்து ஈஸ்வரமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. தன் வாழ்நாளின் பெரிய தப்பை அப்போதுதான் செய்தார்.

"டீ ஒண்ணு சாப்டுட்டுப் போலாமுங்க."

டீ வந்தது. ராமசேஷன் ஒரு வாய் குடித்தார்.

"பேஷா இருக்கே. எங்கேந்து வந்ததாக்கும்?"

"வெளிய அழகுத்தாயக்கா கடைங்க. தெனமும் ரெண்டு நேரமும் அங்கிருந்துதானுங்க வருது."

"வெளியேன்னா?"

"வெளியன்னா, ரோட்டுக்கு அந்தப் பக்கமுங்க."

"அதாவது, இந்தியாவிலேந்து."

ஈஸ்வரமூர்த்தி ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து உறுப்பினர்களும் சிரிக்கவில்லை. ராமசேஷன் கபிரியேல் பக்கம் திரும்பினார்.

"இந்தியாவிலேந்து ஒரு சரக்கு இங்கே வந்தா அதுக்கு என்ன பேர்?"

"ஏற்றுமதி சார்."

"காலி கிளாஸ் திரும்பப் போறதே, அது?"

"இறக்குமதி சார்," என்றார் கபிரியேல். பாதி வார்த்தையிலேயே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"குடிச்ச கிளாஸ், கேட்டேளா. பழைய சாமான் இறக்குமதியாக்கும். தினம் ரெண்டு தடவை, லைசென்ஸ் இல்லாமே, உங்க கண்ணு முன்னாடி."

கையிலிருந்த டீயைக் குடிப்பதா கீழே வைப்பதா என்று ஒரு உறுப்பினர் தவித்தார். வைத்தால் ஆறிப்போகும். குடித்தால் குற்றத்துக்கு உடந்தை. கடைசியில், சான்றுப் பொருள் கெட்டுப் போகக் கூடாது என்று மூவரும் முழுவதையும் குடித்துவிட்டுக் கிளாஸ்களைக் கைப்பற்றினார்கள். போகும்போது குழுவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கபிரியேலுக்கு மெமோ மறுநாளே வந்துவிட்டது.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு அழகுத்தாய் வந்தபோது கட்டை தூக்கப்படவில்லை.

"அக்கா, இனிமே டீ உள்ள வரணும்னா அது ஏற்றுமதி. அதுக்குப் பேப்பர் வேணும்," என்றார் கபிரியேல். "போன கிளாஸு வெளிய வரணும்னா அது இறக்குமதி. அதுக்கும் வேணும்."

"கிளாஸு என்ன தம்பி பாவம் பண்ணுச்சு?"

"உள்ள போனா அது வெளிநாட்டுச் சாமான் ஆயிருது."

"அப்ப நான் உள்ள போயிட்டு வந்தா?"

கபிரியேல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஆளுகளுக்கு வரி இல்லக்கா."

"அந்தக் கிளாஸுக்கு இருக்க மதிப்பு கூட எனக்கு இல்லன்னு சொல்லுதீங்க," என்று அழகுத்தாய் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். இந்த அவமானத்தை அவள் மறக்கவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

டீ நின்றதும் ஷெட்டில் என்ன நடந்தது என்று, டீ குடிக்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதினோரு மணி வரைக்கும் கைகள் ஓடின. அப்புறம் கொட்டாவி ஓடியது. ஃபோர்மேன் பெரியமுத்து பிரஸ்ஸைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடினார், மூட வேண்டிய நேரத்தில் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாஷர்கள் பிசிறும் கோணலுமாக வந்து விழுந்தன. "வாய்ல ஏதாச்சும் சூடாப் பட்டாத்தானுங்க கண்ணு தெரியுது, மொதலாளி," என்று அவர் நியாயமாகத்தான் சொன்னார். மாசம் ஓடிக்கொண்டிருந்தது. கண்டெய்னரில் கால்வாசி கூட நிரம்பவில்லை. ஈஸ்வரமூர்த்தி கபிரியேலிடம் ஓடினார்.

"ஆளுங்க வெளிய போயிக் குடிச்சுப்போட்டு வரட்டுமுங்களா?"

"குடிச்சுட்டு உள்ள வந்தா அதுவும் டீயைக் கொண்டு வர்றதுதானே சார். பாத்திரம் மாறுது, அவ்வளவுதான்."

"வயித்துக்குள்ள இருக்கறது எப்படிங்க கணக்குல வரும்?"

"அதுதான் எனக்கும் குழப்பமா இருக்கு. உள்ள வந்தது எவ்வளவு, சரக்காச் சேந்தது எவ்வளவு, கழிவாப் போனது எவ்வளவுன்னு நாம வீதம் காட்டணும்ல."

கபிரியேல் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றே மேலிடத்துக்கு எழுதி விளக்கம் கேட்டார். மேலிடமும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 'தொழிலாளியின் உடலானது உற்பத்தி அலகாக முறைப்படி பதிவு செய்யப்படாத வரையில், அதனுள் செல்லும் மூலப்பொருளுக்கும் அதிலிருந்து வெளிப்படும் கழிவுக்கும் உரிய விகிதத்தை நிர்ணயிக்க இயலாது என்பது இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது' என்று பதில் வந்தது. தெளிவு கிடைத்த பிறகு யாரும் வெளியே போய் டீ குடிக்க முடியவில்லை.

சரி, உள்ளேயே ஒரு அடுப்பு வைத்துப் போட்டுக்கொள்கிறோம் என்றார் ஈஸ்வரமூர்த்தி. ரப்பர் வாஷர் செய்ய அனுமதி வாங்கிய இடத்தில் டீ உற்பத்தி செய்தால் அது வேறு தொழில், அதற்கு டெல்லியில் ஒரு கமிட்டி கூடி அனுமதிக்க வேண்டும், அனுமதித்தாலும் போட்ட டீயை மண்டலத்துக்கு வெளியேதான் அனுப்ப வேண்டும், தொழிலாளிகள் குடிக்கக் கூடாது என்றார் கபிரியேல். பேப்பர் கப்பில் கொண்டு வந்தால் திரும்பிப் போகிற பிரச்சினை இல்லையே என்று பெரியமுத்து ஒரு யோசனை சொன்னார். அதைச் செய்தும் பார்த்தார்கள். இரண்டே நாளில், குடித்த கப்பை வெளியே கொட்டுவது குப்பை இறக்குமதி, அது அறவே தடை செய்யப்பட்டது என்று தெரிந்தது. அந்தக் கப்புகள் இன்றைக்கும் பாழுங்கிணற்றுப் பக்கம் வெளிநாட்டிலேயே குவிந்து கிடக்கின்றன.

மிஞ்சியது ஒரே வழி. அழகுத்தாயை முறைப்படி ஏற்றுமதியாளராகப் பதிவு செய்துவிடுவது.

ஈஸ்வரமூர்த்தி தன் காரிலேயே அவளைப் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போய் அபேட்சை மனு எழுதிக் கொடுக்க வைத்தார். கேள்விகள் நிறைய இருந்தன. சரக்கு எந்தத் துறைமுகம் வழியாகப் போகும் என்று கேட்டிருந்த இடத்தில் 'காவலாளி கேட்டு' என்று எழுதினார்கள். கடல் வழியா, வான் வழியா என்ற இடத்தில் 'நடந்து' என்று எழுதினார்கள். கம்ப்யூட்டர் 'நடந்து' என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை. ரெண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது. மழைக்காலத்தில் அந்த ரோட்டில் முட்டளவு தண்ணீர் நிற்குமே என்று அழகுத்தாய் ஞாபகப்படுத்தியதால், கடல் வழி என்று முடிவானது.

ஏற்றுமதியாளர் எண் கைக்கு வந்த அன்றே அழகுத்தாய் வேறு ஆளாகிவிட்டாள். தகரக் கடைக்கு 'அழகுத்தாய் எக்ஸ்போர்ட்ஸ்' என்று போர்டு வந்தது. செல்போனில் யார் கூப்பிட்டாலும், "எக்ஸ்போர்ட்ஸ், சொல்லுங்க," என்றாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பழைய பழக்கத்தில் டீ கேட்டால், "வெளிநாட்டுச் சரக்கு போகட்டும். மிச்சம் இருந்தா உள்நாட்டுக்குப் பாக்கலாம்," என்று பெஞ்சில் உட்கார வைத்தாள். அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. ஏற்றுமதி செய்கிற கடையில் காத்திருக்கிறோம் என்று பெருமையாகவே உட்கார்ந்திருந்தார்கள்.

காலி கிளாஸ் விஷயத்துக்கும் கபிரியேல் ராப்பகலாகப் புத்தகம் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். சரக்கை நிரப்பி அனுப்பிவிட்டுத் திரும்பக் கொண்டு வருகிற பெட்டி, பீப்பாய் முதலியவற்றுக்கு வரி இல்லை. கிளாஸ் என்பது டீயின் பீப்பாய். போன பீப்பாய்தான் திரும்பி வருகிறது என்று நிரூபித்தால் போதும். ஒவ்வொரு கிளாஸிலும் எண் செதுக்கப்பட்டது. போகும்போது ஒரு சரிபார்ப்பு, வரும்போது ஒரு சரிபார்ப்பு. கெட்டிலுக்குச் சீல். பாலுக்கு ஒரு சான்றிதழ், தூளுக்கு ஒரு சான்றிதழ், சர்க்கரை தனியாக. ஒவ்வொரு கெட்டிலிலிருந்தும் ஒரு கிளாஸ் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனைக்கூடம் கொச்சியில் இருந்ததால், தற்காலிக ஏற்பாடாகக் கபிரியேலே குடித்துப் பார்த்துச் சான்று கொடுத்தார். அவருக்கு ராத்தூக்கம் போனது டீயினாலா பொறுப்பினாலா என்று தெரியவில்லை. ஒரு நாள் ஒரு கிளாஸ் உடைந்து போனபோது, எண் தெரிகிற மாதிரி ஒட்டிக் காட்டினால்தான் ஆச்சு என்றார். பெரியமுத்துவும் இன்னும் நாலு பேரும் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு அரை நாள் ரப்பர் பசை வைத்து ஒட்டினார்கள்.

இவ்வளவும் முடிந்து உள்ளே வரும்போது பதினோரு மணி டீ ஒன்றரை மணிக்குப் பச்சைத் தண்ணீராக வந்து சேர்ந்தது. நாலு மணி டீ மறுநாள் காலையில் வந்தது. அதன் மேல் ஆடை கட்டியிருந்தது. தொழிலாளிகள் அதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், செடிக்கு ஊற்றினார்கள்.

மாசம் முடிந்தது. கண்டெய்னர் பாதியில் நின்றது. கப்பல் யாருக்காகவும் நிற்கவில்லை. துபாய்க்காரர் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார், அதில் மரியாதை கூட இருந்தது. வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறாராம். ஈஸ்வரமூர்த்தி அதைப் படித்துவிட்டு, பாதி நிரம்பின கண்டெய்னரின் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. பல வருஷமாக ஒரு முத்திரை கூடத் தப்பாகப் போடாத மனுஷன், யாருக்கோ டீ வாங்கிக் கொடுத்துத் தொழிலைத் தொலைத்தான் என்று நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை. நமக்கும் ஆறவில்லைதான். ஆனால் அரசாங்கக் கணக்கில் டீ கூட ஆறிப் போகவில்லை.

ஏனென்றால் காலாண்டு அறிக்கை தயாராகிவிட்டது. பனங்காடு வழியாக நடந்த ஏற்றுமதி, முந்தைய காலாண்டை விடப் பல நூறு மடங்கு உயர்ந்திருந்தது. ஒவ்வொரு கிளாஸும் தனித்தனிச் சரக்கு, தனித்தனி எண். தென்னிந்தியாவிலேயே இவ்வளவு சரக்கு அனுப்பிய வேறு மண்டலம் கிடையாது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ராமசேஷனுக்கு ரிட்டயர்மெண்ட் ஒரு வருஷம் தள்ளிப் போடப்பட்டது. மண்டலத்துக்குள் பந்தல் போட்டு, அழகுத்தாய்க்குச் 'சிறந்த வளரும் ஏற்றுமதியாளர்' விருது கொடுத்தார்கள்.

அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மேடையேறினாள். இத்தனை பெரிய ஏற்றுமதியாளர் வெளியே தகரக் கொட்டகையில் இருப்பது மண்டலத்துக்கே அவமானம் என்று ராமசேஷன் பேசினார். அவளுக்கு உள்ளேயே, டீ போடும் அனுமதியோடு, ஒரு ஷெட்டு ஒதுக்கப்படுகிறது என்று அறிவித்தார். பூட்டியிருந்த ஷெட்டுகள் எல்லாம் கோர்ட்டில் இருந்தன. வழக்கு இல்லாமல், பட்டா சுத்தமாக, பெயிண்ட் அடித்து நல்ல நிலையில் இருந்தது ஒன்றுதான்.

"ஏனுங்க, அது என்ற ஷெட்டுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இந்தக் காலாண்டிலே நீங்க ஏதாவது ஏற்றுமதி பண்ணியிருக்கேளா?"

"டீ வராததுனாலதானுங்க பண்ண முடியல."

"டீ வரலையா?" ராமசேஷன் ஃபைலைத் திறந்தார். "எத்தனை ஆயிரம் கிளாஸ் வந்திருக்குன்னு இதிலே இருக்கே. அத்தனையும் வாங்கிண்டு ஒரு வாஷர் கூட அனுப்பலைன்னா, தேசத்துக்கு நஷ்டமாக்கும், கேட்டேளா."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். கபிரியேலுக்கு மனசு வலித்தது. விதியில் தப்பு ஒன்றும் இல்லாததால், வலியோடு கையெழுத்துப் போட்டார். பேங்க்காரர்கள் பிரஸ் மெஷின்களைக் கொண்டு போனார்கள். ஒரே ஒரு பழைய கை பிரஸ்ஸை மட்டும் இரும்புக்குக் கூட ஆகாது என்று விட்டுவிட்டார்கள். தொழிலாளிகள் அங்கேயே அழகுத்தாயிடம் வேலைக்குச் சேர்ந்துகொண்டார்கள். ஈஸ்வரமூர்த்தி அந்தக் கை பிரஸ்ஸோடு ரோட்டைத் தாண்டி, காலியாகிப் போன தகரக் கொட்டகையில் குடியேறினார். குக்கருக்கு வாஷர் போட்டுக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

உள்ளே போன பிறகுதான் அழகுத்தாய்க்கு ஒரு விஷயம் உறைத்தது. வாங்குகிறவர்களும் உள்ளே, விற்கிறவளும் உள்ளே. இனி இது ஏற்றுமதி இல்லை. கபிரியேலைக் கூப்பிட்டுக் கேட்டாள். உள்ளே போட்ட டீயை ரோட்டுக்கு அந்தப் பக்கம் விற்றால் அது இந்தியாவுக்குள் இறக்குமதி, டீக்கு இறக்குமதி வரி நூற்றுக்கு நூறு என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்ப விலை ரெண்டு மடங்கா விக்கணும். எந்தப் பைத்தியக்காரன் தம்பி வாங்குவான்?"

கபிரியேலுக்கும் அதே கவலைதான். ஆனாலும் கேட்டில் ஒரு ஜன்னல் திறந்து, 'இறக்குமதி செய்யப்பட்ட தேநீர், வரி செலுத்தப்பட்டது' என்று எழுதி ஒட்டினார்.

முதல் நாள் பஸ்ஸுக்கு நின்றவர்கள் போர்டைப் படித்தார்கள். இரண்டாம் நாள் ஒருவர் வாங்கிக் குடித்து, "சும்மா சொல்லக் கூடாதுங்க, பாரின் சரக்கு பாரின் சரக்குதான்," என்றார். வாரக் கடைசியில் வரிசை எலப்புள்ளி ரோடு வரைக்கும் நின்றது. கல்பாத்தியிலிருந்து கார்களில் வந்தார்கள். கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு பனங்காட்டு பாரின் டீ போடாவிட்டால் சம்பந்திகள் முகம் கோணினார்கள். மூணாறில் டூரிஸ்டுகள் தங்குகிற ஒரு ஹோட்டல்காரர் தூளாகவே கேட்டு வாங்கினார். மூணாறிலிருந்து பஸ்ஸில் இறங்கின தூள், பனங்காட்டில் கவர் மாற்றிக்கொண்டு, வரி கட்டி, மறுபடி பஸ்ஸேறி மூணாறுக்குப் போனது. கபிரியேல் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு அதில் ஒரு பொட்டலம் கொண்டு போனார். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த அந்த அம்மா குடித்துப் பார்த்து, நம்ம மலையில் இப்படி ஒரு தூள் விளையாது என்றாராம்.

ஈஸ்வரமூர்த்தி மட்டும் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று சபதம். ஒரு நாள் பொள்ளாச்சியிலிருந்து மச்சினன் வந்து இறங்கினான். கொட்டகையில் போட்டுக் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு, "ஏனுங் மாப்பிள்ளை, பாரின் டீக்கு எதிர்லயே கடை வெச்சிருக்கறீங்க, நமக்கு இதுதானுங்களா?" என்று கேட்டான். வந்தவன் முகம் வாடினதைப் பார்த்து இவருக்கு மனசு கேட்கவில்லை. ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

அவர் முறை வந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெரியமுத்துதான் இருந்தார். பழைய முதலாளியைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னார்.

"மொதலாளி, உங்களுக்குத் தெரியாததுங்களா. அதே தூளு, அதே பாலு. போட்டதும் நானுங்க. இதுக்குப் போயி எதுக்குங்க ரெண்டு பங்கு?"

ஈஸ்வரமூர்த்தி ஃப்ளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு, ஒரு கிளாஸ் தனியாக வாங்கி அங்கேயே நின்று குடித்தார். கண்ணை மூடிக் குடித்தார்.

"நீ உள்ளயே கெடக்கறதுனால உனக்குத் தெரியலையப்பா," என்றார். "ஒரு நாளைக்கு வெளிய வந்து நின்னு குடிச்சுப் பாரு. மணமே வேற."

பிறகு மச்சினனுக்கு வாங்கினது போதாமல் போய்விடுமோ என்று, இன்னொரு ஃப்ளாஸ்க் எடுத்து வரக் கொட்டகைக்கு ஓடினார்.